பழைய ஆக்சென்ட்டுக்கு வீட்டுப் போர்ட்டிகோவில் பின்பக்க ஸ்ட்ரட் மாற்றினேன்

வண்டி 2006 மாடல் ஹூண்டாய் ஆக்சென்ட், பெட்ரோல். நெடுநாள் குளச்சலில் சித்தப்பா வீட்டு முற்றத்தில் கடற்காற்று வாங்கிக்கொண்டு நின்றது. 15 வருஷம் முடிந்து மறுபதிவு செய்த பிறகு தக்கலைக்கு என் கைக்கு வந்தது. என்ஜினைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பின்பக்கம்தான் கொஞ்ச காலமாகவே சரியில்லை.

வேகத்தடை ஏறி இறங்கினால் முன்பக்கம் உடனே அடங்கிவிடும். பின்பக்கம் மட்டும் மேலும் கீழுமாக ஆடிவிட்டுத்தான் நிற்கும். குலசேகரம் ரோட்டில் வளைவுகளில், அதுவும் பின் சீட்டில் ஆள் இருந்தால், வால் தனியாக நகர்வது போல ஒரு உணர்வு. "என்னலே இது, வள்ளத்துல போற மாதிரி இருக்கு" என்று அம்மா பின் சீட்டிலிருந்து சொல்லாத நாளில்லை. இதோடு சின்னக் குழியில் இறங்கும்போது டிக்கிக்குள்ளிருந்து 'டக்கு டக்கு' என்று ஒரு சத்தம். ஸ்டெப்னி ஆடுகிறதோ என்று அதை இறுக்கிக் கட்டியும் சத்தம் போகவில்லை.

ஷாக்கு (குலுக்கலை அடக்கும் எண்ணெய்க் குழாய்) போய்விட்டதா என்று பார்க்க எல்லோரும் டிக்கியை அமுக்கிவிட்டுக் கையை எடுப்பார்கள். ஒரு தடவை எழும்பி நின்றுவிட்டால் நல்லது, ஆடிக்கொண்டே இருந்தால் போச்சு. முழுசாகப் போன ஷாக்கை இது காட்டிக்கொடுக்கும், பாதி தேய்ந்ததைக் காட்டாது. எனக்கு டயர்தான் உறுதியாகச் சொன்னது. வண்டியை நிறுத்திவிட்டுப் பின் டயரின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாகச் சுற்றித் தடவினேன். ஒரே சீராக இல்லாமல் விட்டுவிட்டு மேடும் பள்ளமுமாகக் கைக்குத் தட்டுப்பட்டது. ஷாக்கு பிடிமானம் இழந்தால் சக்கரம் ரோட்டில் சீராக உருளாமல் குதித்துக் குதித்துப் போகும், ரப்பரும் அந்தக் குதிப்புக்கு ஏற்ற மாதிரி திட்டுத் திட்டாகத் தேயும். பிறகு டார்ச் அடித்து உள்ளே பார்த்தால், இடது ஸ்ட்ரட்டின் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த பாகம்) குழாய் முழுக்க எண்ணெயும் செம்மண்ணும் குழைந்து கறுப்புப் பசையாக அப்பியிருந்தது. இலேசான ஈரக்கசிவு என்றால் விட்டுவிடலாம். இது அப்படியில்லை, கீழ்ப் போல்ட்டு வரை வழிந்திருந்தது. வலது பக்கம் வெளியே காய்ந்திருந்தாலும் அமுக்கினால் அதே ஆட்டம்தான்.

இந்த வண்டியில் பின்பக்கம் இருப்பது வெறும் ஷாக்கு இல்லை, ஸ்ட்ரட். தனி ஷாக்கு என்றால் சக்கரத்தின் துள்ளலை அடக்குவது மட்டுமே அதன் வேலை. ஸ்ட்ரட் ஸ்பிரிங்கையும் சுமந்துகொண்டு, சக்கரம் சாயாமல் நிமிர்ந்து நிற்பதற்கும் பொறுப்பேற்கிறது. அதனால் கழற்றி மாட்டும்போது இரண்டு கூடுதல் வேலை வரும். ஸ்பிரிங்கை அமுக்கிக் கட்ட வேண்டும், எல்லாம் முடிந்த பிறகு அலைன்மென்ட்டும் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பார்க்க வேண்டும்.

சாமான் வாங்கும்போது ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். ஸ்ட்ரட்டை ஜோடியாக மாற்றுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதோடு மேல் மவுண்ட் (ஸ்ட்ரட்டின் தலையை பாடியோடு பிடிக்கும் ரப்பர் வைத்த இரும்பு), பம்ப் ஸ்டாப்பர் (ஸ்ட்ரட் முழுசாக அமுங்கி இடிக்காமல் தடுக்கும் மெத்தை), தூசி உறை, கீழ்ப் போல்ட்டு நட்டு எல்லாமே இரண்டு பக்கத்துக்கும் புதுசு வேண்டும் என்றேன். கடைக்காரர், "பழைய மவுண்ட்டே போதுமே" என்றார். ஸ்ட்ரட் விலையோடு பார்த்தால் இந்த ரப்பர் சாமான்கள் ஒரு காசே இல்லை. அதற்காக இன்னொரு தடவை முழு வேலையையும் செய்ய யாருக்கு முடியும்?

இடவப்பாதி (ஜூன் மழை) தொடங்குமுன் முடித்துவிட வேண்டும் என்பது திட்டம். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மழை இரண்டு தடவை. கேரளத்தோடு சேர்ந்து ஜூனில் ஒன்று, மற்றத் தமிழ்நாட்டோடு சேர்ந்து ஐப்பசியில் ஒன்று. இதற்கு மேல் குளச்சல் உப்புக்காற்று. அடியில் இருக்கும் போல்ட்டுகள் என்ன நிலையில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. உண்மையில் ஸ்ட்ரட் மாற்றுவது பெரிய வேலையே இல்லை. துருப்பிடித்த போல்ட்டுகளிடம் சம்மதம் வாங்குவதுதான் வேலை.

அதனால் சனிக்கிழமை செய்ய வேண்டிய வேலைக்குப் புதன்கிழமையே பூஜை போட்டாயிற்று. முதலில் கம்பி பிரஷ்ஷால் போல்ட்டின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைச் சுத்தமாகத் தேய்த்தேன். அதைச் செய்யாமல் எண்ணெய் அடித்தால் துருவின் மேலேயே நின்றுவிடும், உள்ளே இறங்காது. பிறகு தினமும் சாயங்காலம் துரு இளக்கும் எண்ணெய் அடித்து, போல்ட்டுத் தலையில் சுத்தியலால் நாலு தட்டு.

சனிக்கிழமை காலையில் வண்டி போர்ட்டிகோவுக்கு வந்தது. முற்றத்துச் செம்மண்ணில் ஜாக்கி வைக்கவே கூடாது, பாரம் ஏறியதும் ஒரு பக்கமாகப் புதையும். கான்கிரீட் தரைதான் சரி. பின்பக்கத்தைத் தூக்கும்போது பலர் யோசிக்காத ஒன்று: ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களை. அவை தரையை விட்டுக் கிளம்பிவிட்டால் ஹேண்ட் பிரேக் போட்டும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான். இது முன்சக்கரம் இழுக்கும் வண்டி, எனவே முதல் கியரில் போட்டு, முன் டயர்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை அடித்தேன். இரண்டு பக்கமும் ஜாக்கி ஸ்டாண்டு கொடுத்து, வண்டியைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பார்த்த பிறகே சக்கரத்தைக் கழற்றினேன்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி ராணித்தோட்டம் பணிமனையில் பஸ் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்பேனர் சத்தம் கேட்டால் அவருக்கு வீட்டுக்குள் இருக்க முடியாது. மதில் மேல் கையை ஊன்றிக் கொஞ்சநேரம் பார்த்தார், பிறகு கட்டன் சாயா கிளாசோடு இந்தப் பக்கமே வந்துவிட்டார்.

ஸ்ட்ரட்டின் அடிப்பாகத்தைச் சக்கரத் தாங்கியோடு பிடித்திருப்பவை இரண்டு நீளப் போல்ட்டுகள். அவை இருந்த இடத்தைக் கழற்றுமுன் வெள்ளைப் பெயிண்டால் குறித்துவைத்தேன், திரும்ப மாட்டும்போது சக்கரத்தின் சாய்வு பழைய கணக்கை விட்டு அதிகம் விலகாமலிருக்க. மேல் போல்ட்டு பிரேக்கர் பாரை (நீளக் கைப்பிடி ஸ்பேனர்) போட்டதும் ஒரு கிறீச்சோடு விட்டுக்கொடுத்தது. கீழ்ப் போல்ட்டு அசையவில்லை. பாரில் ஜி.ஐ. பைப்பைச் சொருகி நீளம் கூட்டினேன், ஊஹூம்.

"கழத்த நிக்காத மக்கா. மொதல்ல கொஞ்சம் முறுக்கிப் பாரு" என்றார் அண்ணாச்சி.

இறுக்கும் பக்கமாக ஒரு அழுத்து அழுத்தியதும் 'டக்' என்று துரு உடைந்தது. அதன்பிறகு கால் சுற்று கழற்றுவது, எண்ணெய் விடுவது, திரும்ப அரைக்கால் சுற்று இறுக்குவது என்று முன்னும் பின்னுமாகவே அது வெளியே வந்தது. வந்த போல்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நட்டு மூடியிருந்த மரை இன்னும் பளபளப்பாக இருக்கிறது, நடு உடம்பு மட்டும் செதில் செதிலாக உதிர்ந்து இடுப்பு மெலிந்திருக்கிறது. இதைத் திரும்பப் போடலாமா வேண்டாமா என்ற பேச்சுக்கே இடமில்லை.

கழலாத போல்ட்டைப் பார்த்ததும் கேஸ் வெல்டிங் தீயைக் காட்டுவது பட்டறைகளில் சாதாரணம். இந்த இடத்தில் அது வேண்டவே வேண்டாம். பின் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டேங்க் இருக்கிறது, பக்கத்தில் பிரேக் ஹோஸ் ஓடுகிறது, ஸ்ட்ரட்டோ எண்ணெயும் அழுத்தமும் அடைத்த குழாய். நேரம் போனாலும் எண்ணெயும் பொறுமையும்தான்.

பிரேக் ஹோஸைப் பிடித்திருக்கும் கிளிப்பை எடுத்துவிட்டு, பிரேக் டிரம் அந்த ஹோஸில் தொங்கிவிடாதபடி அடியில் சின்ன ஜாக்கி ஒன்றைக் கொடுத்தேன். டிக்கிக்குள் பக்கவாட்டு அட்டையை விலக்கினால் ஸ்ட்ரட்டின் தலை தெரியும். ஓரத்தில் உள்ள மவுண்ட் நட்டுகளை மட்டும் கழற்ற வேண்டும், நடுவில் இருக்கும் பெரிய நட்டு ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பது. அண்ணாச்சி கிளாசைக் கீழே வைத்துவிட்டே சொன்னார்: "ஸ்பிரிங்க கட்டாம அந்த நடு நட்டத் தொடாதே, கேட்டியா?"

ஸ்பிரிங் கம்ப்ரசர் மார்த்தாண்டத்தில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் நண்பனிடம் இரவல். கொக்கி வைத்த இரண்டு நீளத் திருகுகள், அவ்வளவுதான். நேர் எதிரெதிராக மாட்டி, முடிந்த அளவு அதிகச் சுருள்களைக் கொக்கிக்குள் பிடித்து, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறி முறுக்க வேண்டும். மின் கன் வேண்டாம், கை ராட்சட் போதும். ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் ஸ்பிரிங் வில்லாக வளைந்து கொக்கி வழுக்கும். முகமும் நெஞ்சும் ஸ்பிரிங்கின் நேர் வரிசையில் இல்லாமல் பக்கவாட்டில் உட்கார்ந்துதான் முறுக்கினேன். மேல் தட்டிலிருந்து ஸ்பிரிங் தளர்ந்து கையால் அசைக்கும் நிலைக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் அமுக்குவதில் ஒரு பயனும் இல்லை, ஆபத்துதான்.

நடு நட்டைக் கழற்றி மேல் மவுண்டைத் தூக்கியதும் 'டக்கு டக்கு'வின் மூலம் கையிலேயே வந்துவிட்டது. மவுண்டின் ரப்பர் இரும்பை விட்டுப் பாதி வட்டத்துக்குப் பிரிந்திருந்தது, விரல் நகம் உள்ளே நுழைந்தது. பின்சக்கரம் திரும்புவதில்லை என்பதால் இந்த மவுண்டில் பேரிங் கிடையாது, ரப்பர் மட்டும்தான். அது விட்டுப்போனால் இரும்பும் இரும்பும் தட்டிக்கொள்ளும். பம்ப் ஸ்டாப்பர் என்று எதுவும் மிச்சமில்லை. தூசி உறைக்குள் மஞ்சள் பொடி மட்டும் கிடந்தது, ஊதினால் பறந்தது. கடைக்காரர் பேச்சைக் கேட்டுப் பழைய மவுண்டையே போட்டிருந்தால் ஆட்டம் நின்றிருக்கும், சத்தம் நின்றிருக்காது.

பழைய ஸ்ட்ரட்டின் தண்டைக் கையால் அமுக்கினேன். நடுவழியில் ஒரு இடத்தில் எதிர்ப்பே இல்லாமல் பொசுக்கென்று இறங்கி, இறங்கிய இடத்திலேயே கிடந்தது. புதுசைச் செங்குத்தாகப் பிடித்து முழு நீளத்துக்குச் சில தடவை அமுக்கி இழுத்தேன், உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் போகட்டும் என்று. ஒவ்வொரு தடவையும் முழு உடல் பாரத்தையும் கொடுத்தால்தான் இறங்கியது. கையை எடுத்தால் தானாக நிதானமாக மேலே வந்தது. வாயு அடைத்த ஸ்ட்ரட் இப்படித்தான் எழும்பும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். ஸ்பிரிங்கின் வால்நுனி கீழ்த்தட்டில் உள்ள படியில் சரியாகப் போய் முட்டி உட்கார வேண்டும். நடு நட்டை இறுக்கும்போது தண்டு சேர்ந்து சுற்றினால் அதன் பளபளப்பில் பிளையரைப் போட்டுப் பிடிக்கக் கூடாது, ஒரு கீறல் விழுந்தால் சீல் சீக்கிரமே போய்விடும். தண்டின் தலையைப் பிடிப்பதற்குத்தான் இடம் விட்டிருக்கிறார்கள். புதுப் போல்ட்டுகளின் நடு உடம்பில் கிரீஸ் தடவி ஏற்றினேன். அடுத்து கழற்றப்போகிறவன் என்னை வாழ்த்தட்டும். வீல் நட்டுகளை வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) 9-லிருந்து 11 கிலோகிராம்-மீட்டர் (kgf·m) விசைக்குள் இறுக்கினேன்.

வலது பக்கம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. கைக்கு வழி தெரிந்துவிட்டதால் அதில் எழுத ஒன்றுமில்லை.

சாயங்காலம் பார்வதிபுரம் மேம்பாலம் வரை ஒரு ஓட்டம். பாலத்தின் இணைப்புகளில் முன்பெல்லாம் பின்பக்கம் குதித்துக்கொண்டே வரும், இப்போது ஒரே தட்டில் முடிந்துவிடுகிறது. குழியில் சத்தம் அறவே இல்லை. பின்பக்கம் கொஞ்சம் கெட்டியானது போல இருக்கிறது, இத்தனை நாள் இல்லாமல் இருந்த பிடிமானம் திரும்பி வந்திருப்பதுதான் அது.

திங்கட்கிழமை அலைன்மென்ட். நம்ம பக்கத்தில் முன்சக்கரத்தை மட்டும் பார்த்துவிட்டு 'முடிஞ்சு' என்று சொல்லிவிடுவார்கள். பின்பக்க ஸ்ட்ரட் மாற்றியது என்று முன்கூட்டியே சொல்லி, நாலு சக்கரத்தின் அளவையும் பிரிண்ட் எடுத்துத் தரும் இடமாகப் பார்த்துப் போனேன். பின் இடது சக்கரத்தின் டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) கொஞ்சம் விலகியிருந்தது, அங்கேயே சரிசெய்தார்கள்.

ஆனால் அறுபதுக்கு மேல் போனால் 'ஊம்' என்று ஒரு முனகல் இன்னும் இருக்கிறது. மேடு பள்ளமாகத் தேய்ந்த டயரின் சத்தம் அது, ஸ்ட்ரட் மாற்றியதால் ரப்பர் திரும்ப வளராது. பின் டயர்களை முன்னுக்கு மாற்றிப் போட்டிருக்கிறேன். மழை முடியும் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்போதும் முனகினால் அந்த இரண்டையும் மாற்ற வேண்டியதுதான்.