தோட்டத்துக் கணக்கு

பிப்ரவரியோடு, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள எங்கள் சாட்ஸ்வர்த் கூட்டுறவுத் தோட்டத்தின் கணக்கு ஆண்டு முடிந்தது. இரண்டு இரவுகளாகச் சாப்பாட்டு மேசை முழுக்க ரசீதுகள். பாதிக்கு மேல் மண் அப்பியவை. ஒன்றில் நத்தை ஊர்ந்த தடம்கூட இருந்தது.

விற்பனை 84,600 ராண்ட், செலவு 79,350. தண்ணீருக்கு மட்டும் 21,000! மண்ணுக்கடியில் குழாய் உடைந்து மூன்று மாதம் ஒழுகியிருக்கிறது. அந்த மூலையில் மட்டும் கொத்தமல்லி ஏன் அப்படிச் செழித்தது என்று இப்போதுதான் புரிகிறது. விதை, எரு 18,400. பம்பும் நிழல்வலையும் பழுதுபார்க்க 9,950. வேலை செய்யும் இருவருக்கு ஆண்டு முழுவதற்கும் 30,000. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

காப்பாற்றியது புரட்டாசி. டர்பன் தமிழ் வீடுகள் பலவற்றில் அந்த மாதம் கவிச்சி கிடையாது. முருங்கைக்கீரையும் வெந்தயக்கீரையும் காலை எட்டு மணிக்குள் தீர்ந்துவிடும். கீரைக்கு வாட் வரி பூஜ்யம் என்பதால் அந்தக் கணக்குத் தலைவலியும் இல்லை.

2005ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டப்படி, உபரியில் குறைந்தது 5 விழுக்காடு காப்பு நிதிக்குப் போக வேண்டும். எங்கள் 5,250இல் அது 262 ராண்ட் 50 சென்ட். உறுப்பினர்கள் அதைப் பிரித்துக்கொள்ள முடியாது என்றேன். “பிரித்தாலும் ஆளுக்கு நான்கு சமோசாதானே வரும், தம்பி” என்றார் பொருளாளர் அக்கா.

மீதி மழைநீர்த் தொட்டிக்கு. அதுவும் போதாது. யார் வீட்டிலாவது பழைய தொட்டி சும்மா கிடந்தால் சொல்லுங்கள், வண்டியோடு வருகிறேன்.