கோணல் தராசில் நேர் எடை

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடியறையில், பள்ளிக்கூட நாளைய 30 சென்டிமீட்டர் மர ஸ்கேலைத் தண்டாக வைத்துத் தராசு செய்யத் தொடங்கி மூன்று ஞாயிறுகள் ஆகிவிட்டன. தட்டுகளுக்கு எவர்சில்வர் டப்பா மூடிகள், அச்சுக்குக் கோணி ஊசி, முள்ளுக்கு ஈர்க்குச்சி.

முதல் ஞாயிறு முழுத் தோல்வி. அச்சுத் துளையைத் தட்டு தொங்கும் துளைகளுக்குக் கீழே போட்டிருந்தேன்; தொட்டதும் தண்டு குப்புறக் கவிழ்ந்தது. மேலே மாற்றினால் தராசு மந்தமாகி, ஒரு கிராமுக்குக்கூட முள் அசையவில்லை. நூலளவு மேலே இருந்தால் போதும் என்பது நான்காவது துளையில்தான் பிடிபட்டது. இப்போது பத்து அரிசிக்கே முள் சாய்கிறது. ஆனால் மின்விசிறி ஓடக் கூடாது. மே மாத வேலூரில் அதை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால் என் வியர்வையையும் எடையில் சேர்க்க வேண்டும்போல.

அடுத்தது எடைக்கல். டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்திடம் நாட்டின் மூல கிலோகிராம் எடைக்கல்லாக 57ஆம் எண் பிளாட்டினம்-இரிடியம் கட்டி இருக்கிறது. எனக்கு வாய்த்தது ஐந்து ரூபாய்க் காசு. 2011 வரிசைக் காசு 6 கிராம். பழைய தடித்த வெள்ளி நிறக் காசு 9 கிராம். உண்டியலிலிருந்து அப்படி ஒன்று கலந்துவிட்டதில் ஒரு மாலை முழுதும் வீண். சில்லறை கிராமுக்கு ஊசிமருந்துக் குழலில் தண்ணீர்: 30 டிகிரியில் ஒரு மில்லிலிட்டர் 0.996 கிராம், என் கணக்குக்கு ஒரு கிராம்தான்.

நிறுக்க எடுத்தது இலவம்பாடி முள்கத்தரிக்காய் ஒன்று. இடத் தட்டில் வைத்தால் 75 கிராம், வலத் தட்டில் 72! காலித் தட்டுகள் சமமாகத்தான் நின்றன. தண்டை அளந்து பார்த்தேன். அச்சுக்கு இடப்புறம் உள்ள தண்டு, அதாவது இடக் கை, வலக் கையைவிட 3 மில்லிமீட்டர் கூடுதல் நீளம்.

ஸ்கேலை அறுக்கப் போனவன், கல்லூரியில் படித்த போர்டா முறை நினைவுக்கு வந்து நின்றேன். காயை இடத் தட்டில் வைத்து, வலப்புறம் மணல் போட்டுச் சமன் செய்தேன். பிறகு காயை எடுத்துவிட்டு, அதே தட்டில் காசும் தண்ணீரும் வைத்தேன். 12 காசு, ஒன்றரை மில்லிலிட்டர்: 73.5 கிராம். காயும் காசும் ஒரே கையில் தொங்கியதால் கோணல் இரண்டுக்கும் பொதுவாகிவிட்டது. 75ஐயும் 72ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தாலும் ஏறக்குறைய அதே விடைதான். தண்டை அறுக்கவில்லை.

மறுநாள் காலை மீண்டும் நிறுத்தேன்: 72.5. தராசைச் சந்தேகித்து ஒரு மணி நேரம் துளைகளைத் துடைத்தேன். காய் இரவில் வாடியிருக்கிறது, அவ்வளவுதான். மூன்றாம் முறை பார்ப்பதற்குள் அம்மா அதை எண்ணெய்க் குழம்பில் போட்டுவிட்டார்.