பேட்டரி போட்டுப் பாத்த சொதப்பல் எபிசோடுங்க

2024 ஜூலை 3, புதன், ராத்திரி

சாயந்திரம் அஞ்சு மணிக்குப் போன கரண்ட்டு இன்னும் வரல. இன்வெர்ட்டர் பேட்டரில ஒரு ஃபேன், ஒரு லைட்டு, லேப்டாப்னு மூணும் ஓடினா ரெண்டு மணி நேரம் தாங்கும், அம்மாவுக்கு ஃபேன் இல்லாம முடியாது, அதுபோக மிச்சத்துலதான் நானும் மாப்ளயும் ஏதாவது பாக்கறது. மாப்ளன்னா அக்கா மகன், பதினேழு வயசு, அடுத்த மாசம் மலேசியாவுல கிள்ளானுக்குப் போறான், அங்க அவன் சித்தப்பா இருக்காரு, படிக்கப் போறான்னு எல்லார்ட்டயும் சொல்லிக்கறோம். ஏன் இவ்ளோ அவசரம்னு பர்மாவுல, எங்க யாங்கோன்ல இருக்கறவங்களுக்கு நான் சொல்லவே வேணாம், வெளியூர்க்காரங்க விட்ருங்க.

போறதுக்குள்ள அவதார் தி லாஸ்ட் ஏர்பெண்டர்ங்கற கார்ட்டூன் தொடர் மொத்தம் 61 எபிசோடும் என்கூட உக்காந்து வரிசையா பாக்கணும்னு ஆசப்பட்டான். அங்கங்க துண்டு துண்டா பாத்திருக்கான், முழுசா பாத்ததில்ல. ஒரே ஒரு கண்டிஷன், எதையும் தாண்டக்கூடாது. நானும் சரின்னு தலையாட்டிட்டேன், இன்னைக்குத்தான் மாட்டிக்கிட்டேன், பதினொண்ணாவது வந்துருச்சு. தி கிரேட் டிவைட். தாண்டிருவோம்டான்னு கெஞ்சினேன், பேட்டரி முக்காவாசி போயிருச்சு, இதுக்கு அடுத்தது தி ஸ்டார்ம், சூப்பரா இருக்கும், அத பாத்துட்டுப் படுப்போம்னேன். கேக்கல. பாத்தோம். அது முடிஞ்சு பேரு ஓடும்போது லேப்டாப்பு அணைஞ்சுருச்சு.

ஜூலை 4, வியாழன்

ஆபீஸ்ல வேலையே ஓடல, அந்த எபிசோட நெனச்சு கடுப்பு. 2005 மே மாசம் வந்தது, இத்தன வருஷம் கழிச்சும் அந்த சீரியல்லயே மட்டமானது எதுன்னு கேட்டா முக்காவாசி பேர் இதத்தான் சொல்லுவாங்க. ரெண்டு கூட்டம், கான் ஜின், ஜாங், ஒண்ணு சுத்தபத்தம் இன்னொண்ணு அழுக்கு, நூறு வருஷப் பகை, ரெண்டும் ஒரு பெரிய பள்ளத்தாக்க ஒண்ணா கடக்கணும், சாப்பாடு கொண்டு வராதீங்க மிருகம் வந்துரும்னு சொன்னா ரெண்டு பக்கமும் ஒளிச்சுக் கொண்டு வர்றாங்க, மிருகம் வருது. கடைசில ஆங், நூறு வருஷம் பனிக்கட்டிக்குள்ள கெடந்து வந்த ஹீரோ பையன், உங்க பெரியவங்க ரெண்டு பேரும் எட்டு வயசு இரட்டப் பசங்க, பந்து விளையாடிட்டு இருந்தாங்க, எனக்கு நேர்லயே தெரியும்னு ஒரு கதைய விட்டு சேத்து வெச்சுர்றான். அது பச்சப் பொய். அவனே அப்புறம் சொல்றான், கூட்டாளி கட்டாராகூட அது தப்புன்னு சொல்றா, அவ்ளோதான் படம் முடிஞ்சுது.

என் கோவம் பொய் சொன்னதுக்கு இல்ல. இதுக்கு முந்தின எபிசோட்ல என்னா ஆட்டம் ஆடினாங்க, ஜெட்டுனு ஒருத்தன நல்லவன்னு நம்ப வெச்சு ஒரு ஊரையே வெள்ளத்துல முக்கப் பாத்தான். அடுத்ததுல ஆங் ஏன் ஊர விட்டு ஓடிப்போனான், அவன துரத்தற சூக்கோ மூஞ்சில அந்தத் தழும்பு எப்படி வந்துச்சுன்னு ரெண்டு பேர் கதையையும் பின்னிக் காட்டுவாங்க. இந்த ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு இது, இத தூக்கிட்டாலும் கதைல ஒரு நூல்கூட அறாது.

மாப்ள மட்டும் ஒண்ணு கண்டுபிடிச்சான், ஒவ்வொரு கூட்டமும் பழைய கதைய சொல்லும்போது வரையற விதமே மாறுது மாமா பாத்தீங்களான்னான். நான் இத்தன தடவ பாத்தும் கவனிக்கல, ஒருத்தர் கத ஓவியம் மாதிரி, இன்னொருத்தர் கத கரடுமுரடா, ஆங் சொல்ற பொய் சின்னப்புள்ள கார்ட்டூன் மாதிரி. சரி, அதுக்கு ஒரு மார்க்கு குடுத்தேன்.

ஜூலை 7, ஞாயிறு

மொஹிங்கா நூடுல்ஸ் வாங்க இறங்கினவன், கடைக்காரம்மாட்ட எங்க வீட்டுக் கயித்துல பைய கட்டச் சொல்லிட்டு பக்கத்து வீட்டுப் பையனோட நருட்டோங்கற ஜப்பான் கார்ட்டூன் பத்தி அரை மணி நேரம் பேசிட்டு வந்தேன். நாலு மாடிக்கு மேல இருந்து அம்மா கயித்த ஆட்டிக்கிட்டே இருந்துச்சு.

நருட்டோ முதல் தொடர் மொத்தம் 220 எபிசோட். அதுல 136க்கு அப்புறம் முடியறவரைக்கும் கிட்டத்தட்ட எல்லாமே ஃபில்லர்தான், புத்தகத்துல இல்லாத கதை. காரணம் ரொம்ப சிம்பிள், மாங்கா, அதாவது மூலக் கதையான ஜப்பான் காமிக்ஸ், வாராவாரம் கொஞ்சங்கொஞ்சமா வருது, டிவி அத எட்டிப் பிடிச்சிருச்சு, நிறுத்தினா ஒளிபரப்பு நேரம் போயிரும், அதனால மூல ஆசிரியர் எழுதி சேக்கறவரைக்கும் சும்மா ஓட்டு. நாங்க அப்ப டிஸ்க்கு வாங்கித்தான் பாத்தோம், காசு குடுத்து டிஸ்க்கு வாங்கி உள்ள முழுக்க ஃபில்லர்னா வயிறு எரியாதா?

எங்க ஆபீஸ்ல உளுந்து ஏவாரம். எஸ்க்யூன்னு ஒரு தரம், எஃப்ஏக்யூன்னு ஒரு தரம், எஃப்ஏக்யூன்னா சராசரிக்கு பரவால்லன்னு அர்த்தம், எஸ்க்யூ ஒரு படி மேல. எஸ்க்யூ மூட்டைல குத்தூசி போட்டு எடுத்தாலும் கையில ஒரு கல்லு வரத்தான் செய்யும், அதுக்காக லாரிய திருப்பி அனுப்ப மாட்டோம். ஆனா எண்பது மூட்டைக்கு மேல வரிசையா கல்லா வந்தா என்ன பண்றது?

ஜூலை 11, வியாழன்

இன்னைக்கு என்னோட பழைய வழக்கு ஒண்ணு வீட்டுல விசாரணைக்கு வந்துச்சு. சிம்ப்சன்ஸ்ங்கற அமெரிக்கக் கார்ட்டூன், ஒன்பதாவது சீசன் ரெண்டாவது எபிசோட், தி பிரின்சிபல் அண்ட் தி பாப்பர், 1997 செப்டம்பர் 28ல வந்தது. அவதாருக்கு நடுவுல ஒரு மாறுதலுக்கு இத போட்டேன், இது எவ்ளோ பெரிய துரோகம்னு மாப்ளக்கு புரிய வைக்கத்தான்.

கதை என்னன்னா, எட்டு சீசனா நாம பாத்த ஹெட்மாஸ்டர் ஸ்கின்னர் ஸ்கின்னரே இல்ல. அவன் பேரு ஆர்மின் டம்ஸேரியன். உண்மையான ஸ்கின்னர் வியட்நாம் சண்டைல செத்துட்டான்னு நெனச்சு, அத அவன் அம்மாட்ட சொல்ல வந்தவன் வாய் வராம, நான்தான்மா உன் மகன்னு உள்ள வந்துட்டான். இப்ப நெசமான ஸ்கின்னர் உயிரோட வந்து நிக்கறான். ஊருக்கு இவன பிடிக்கல, பழைய ஆளே போதும்னு இவன நாற்காலியோட கட்டி ரயில்ல ஏத்தி அனுப்பிர்றாங்க, இனிமே இத பத்தி எவனாவது பேசினா சித்திரவதைன்னு ஜட்ஜு தீர்ப்பு. ஸ்கின்னருக்கு குரல் குடுத்த ஹாரி ஷியரரே இத வெளிப்படையா திட்டியிருக்காரு, இத்தன வருஷம் சேத்து வெச்சத காரணமில்லாம தூக்கிப் போட்டுட்டாங்கங்கறது அவரோட ஆத்திரம். எனக்கும் அதேதான்.

நான் இவ்ளோ ஆவேசமா சொல்லி முடிச்சா, ஃபேனுக்குக் கீழ கண்ண மூடிக்கிட்டிருந்த அம்மா, பெத்தவளே இவன்தான் எம்மகன்னு சொல்லிட்டா அப்புறம் உனக்கென்னடா நட்டம்ங்குது.

மாப்ள அதுக்கும் மேல. மாமா எனக்குந்தான் ரெண்டு பேரு இருக்கு, ஸ்கூல்ல பர்மா பேரு, வீட்டுல தமிழ்ப் பேரு, ஸ்கூல்ல கூட படிக்கறவனுங்க பாதிப்பேருக்கு என் வீட்டுப் பேரே தெரியாது, இப்ப பாஸ்போர்ட்டுல எந்தப் பேரு இருக்கோ அந்த ஆளாத்தான் போகப் போறேன், இதுல என்ன துரோகம்னான். என்ட்ட பதில் இல்ல. நான் ஆபீஸ்ல ஒரு பேருல கையெழுத்துப் போடறவன்தான், கோயில் நன்கொடை நோட்டுல வேற பேரு.

இருந்தாலும் அந்த எபிசோட் மட்டம்தான், அத விட்டுக்குடுக்க மாட்டேன். எழுதினவர் கென் கீலர், ஹார்வர்டுல கணக்குல டாக்டர் பட்டம் வாங்கினவரு. எல்லாம் அப்படியே இருக்கணும்னு நெனைக்கற ஜனங்கள பத்தித்தான் எழுதினேன்னு அவரே சொல்லியிருக்காரு, அதாவது என்னை மாதிரி ஆளுங்கள. இதே மனுஷன்தான் 2010ல ஃப்யூச்சராமாங்கற இன்னொரு கார்ட்டூனுக்கு தி பிரிசனர் ஆஃப் பெண்டா எழுதினாரு, அதுல எல்லாரோட மனசும் உடம்பு விட்டு உடம்பு மாறிப் போயிரும், எத்தன பேர் எப்படி மாறியிருந்தாலும் புதுசா ரெண்டு பேர மட்டும் சேத்துக்கிட்டா எல்லாரையும் அவங்கவங்க உடம்புக்கே கொண்டு வந்துரலாம்னு அந்த எபிசோடுக்காகவே ஒரு கணக்கு நிரூபிச்சு போர்டுல எழுதிக் காட்டினாரு. மாத்தி விட்டவரே திருப்பி வைக்கவும் வழி கண்டுபிடிச்சிருக்காரு, பதிமூணு வருஷம் கழிச்சு.

ஜூலை 12, வெள்ளி

கரண்ட்டு இல்ல. பேட்டரியும் ஏறல. ஒண்ணும் பாக்கல. மழை.

ஜூலை 19, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி, தியாகிகள் நாள் லீவும் சேந்துக்கிச்சு, காளி கோயில்ல கூட்டம் தாங்கல. நாளைக்கு வாசோ பௌர்ணமி வேற. அம்மாவோட பொலம்பல், இங்குட்டு பர்மாக்காரங்க வாசோன்னு கல்யாணம் காட்சி நிறுத்திருவாங்க, அங்குட்டு நமக்கு ஆடி, இந்த மாசத்துல யாராவது புள்ளய வெளியூருக்கு அனுப்புவாங்களா? அக்கா பதில் பேசல, கூழ் ஊத்திக்கிட்டே இருந்துச்சு.

அக்கா வீட்டுல பொடிசுங்களுக்கு டாம் அண்ட் ஜெர்ரி போட்டு விட்டேன். நல்லா சிரிச்சுட்டு இருந்ததுங்க, திடீர்னு ஒண்ணு வந்துச்சு, சத்தமெல்லாம் கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி, டாம் நடக்கற நடையே சரியில்ல, சின்னது என் மடில வந்து உக்காந்துக்கிச்சு. பாத்தா அந்தப் பதிமூணுல ஒண்ணு. ஹன்னாவும் பார்பெராவும் எடுத்த 114ம் 1940ல இருந்து 58 வரைக்கும் வந்துச்சு, கம்பெனி 57லயே அந்தக் கார்ட்டூன் பிரிவ மூடிட்டு, கொஞ்ச வருஷம் கழிச்சு செலவு கம்மின்னு ப்ராக்ல ஜீன் டைச்ங்கறவர்ட்ட குடுத்தாங்க, அவர் எடுத்த பதிமூணும் 1961, 62ல வந்தது. டைச் நல்ல திறமைசாலி, அதுல சந்தேகமில்ல, ஆனா அவரோட ஆளுங்க டாம் அண்ட் ஜெர்ரிய பாத்தே பெருசா பழக்கமில்லாதவங்க, இரும்புத்திரைக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு, கைல துட்டும் இல்லாம. முன்னாடியெல்லாம் பாக்கவே பிடிக்காது. இப்ப பாவமா இருக்கு, பாத்திராத ஊரு சமையல அளவு மட்டும் கேட்டு செஞ்ச மாதிரி இருக்கு.

ஜூலை 24, புதன்

மாப்ளக்கு நான் குடுத்த தண்டனை எண்ட்லெஸ் எயிட். எதையும் தாண்டக்கூடாதுன்னு சொன்னேல்ல, இத பாருடான்னு போட்டேன். ஹருஹி சுசுமியாங்கற ஜப்பான் கார்ட்டூன், 2009, கோடை லீவு கடைசி ரெண்டு வாரம் திரும்பத் திரும்ப நடக்குது, அத காட்ட கியோட்டோ அனிமேஷன் ஒரே கதைய எட்டு எபிசோடா எட்டு வாரம் ஒளிபரப்புனாங்க. அதே நீச்சல் குளம், அதே திருவிழா, அதே சில்வண்டு பிடிக்கறது. ஒரே படத்த திருப்பிப் போட்டிருந்தாக்கூட திட்டிட்டுப் போயிரலாம், எட்டையும் புதுசா வரஞ்சு, புதுசா குரல் பதிஞ்சிருக்காங்க, துணிமணிகூட வேற வேற. அந்த சுத்து பதினஞ்சாயிரம் தடவைக்கு மேல நடந்ததா கணக்கு, நாகாத்தோங்கற பொண்ணுக்கு மட்டும் எல்லாமே ஞாபகம் இருக்கு, அறுநூறு வருஷத்துக்குக் கொஞ்சம்தான் கம்மி. வாராவாரம் காத்திருந்து பாத்த ஜப்பான் ரசிகர்கள் எவ்ளோ நொந்திருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

நான் மூணாவதுலயே எந்திரிச்சுட்டேன். அவன் ரெண்டு நாள்ல எட்டையும் பாத்துட்டான். கேட்டா, சாயந்திரம் கரண்ட்டு போகுது, அம்மாச்சி ஃபேன் போடுங்குது, நீங்க பேட்டரி எவ்ளோன்னு கேக்கறீங்க, கரண்ட்டு வந்ததும் கீழ பசங்க மீ லாப்பி, வந்துருச்சுன்னு கத்துதுங்க, மறுநாளும் அதேதான், இதுல எனக்கு என்ன புதுசு மாமான்னான். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, இன்னும் பதினொரு தடவதான் இருக்குன்னான்.

ஜூலை 28, ஞாயிறு

டீக்கடைல உக்காந்து, அவதாரோட தொடர்ச்சியா வந்த கோர்ரா பத்திப் பேச்சு. நாலாவது சீசன் எட்டாவது, ரிமெம்பரன்சஸ், 2014. பழைய காட்சிகள வெட்டி ஒட்டின எபிசோட், வெளிவந்த அன்னைக்கு நான் எவ்ளோ திட்டினேன்னு எனக்குத்தான் தெரியும். அப்புறம்தான் காரணம் தெரிஞ்சுச்சு, சேனல் பட்ஜெட்ட கிட்டத்தட்ட ஒரு எபிசோட் அளவுக்கு வெட்டிருச்சு, ஒண்ணு பாதி சீசன்ல ஆளுங்கள வீட்டுக்கு அனுப்பணும், இல்லன்னா இப்படி ஒட்டு வேல பண்ணணும், உண்டாக்கினவங்க ரெண்டாவத எடுத்துக்கிட்டாங்க. அவங்கள்ல ஒருத்தரான பிரையன் கோனியட்ஸ்கோவே இத எழுதியிருந்தாரு. இப்ப அத ஸ்கிப் பண்ண கை வரமாட்டேங்குது, பாக்கவும் பிடிக்கல.

ஆகஸ்ட் 2, வெள்ளி

அம்பத்தேழாவது, தி எம்பர் ஐலண்ட் பிளேயர்ஸ். நம்ம ஆளுங்களே மாறுவேஷத்துல போய், அவங்க கதைய நாடகமா போடறத பாக்கறாங்க, மட்டமான நாடகம், ஆங் வேஷத்துல ஒரு பொம்பள. நடுவுல அந்த நாடகத்துக் கும்பல் பறந்து போகும்போது, அதோ பாரு கிரேட் டிவைட், எர்த் கிங்டம்லயே பெரிய பள்ளத்தாக்குன்னு ஒருத்தன் சொல்ல, இன்னொருத்தன் ப்ச், போய்க்கிட்டே இருப்போம்ங்கறான். அவ்ளோதான், ரெண்டு செகண்ட். எழுதினவங்களே மூணு வருஷம் கழிச்சு தன்னத்தானே கிண்டல் பண்ணிக்கறாங்க.

மாப்ள தரையில உருண்டு சிரிச்சான். சிரிச்சு முடிச்சு என்னைப் பாத்து, அன்னைக்கு தாண்டியிருந்தா இது எனக்குப் புரிஞ்சிருக்குமா மாமான்னு கேட்டான். அம்மா எந்திரிச்சு என்னடா ஆச்சுன்னு பயந்துருச்சு.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடியா இருந்தா என்ன, இன்னைக்கு அமாவாசை, நல்ல நாள்தான்னு அம்மா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கிச்சு. ஏர்போர்ட்டுல அக்கா அழல, நான்தான் மூக்க உறிஞ்சிக்கிட்டு நின்னேன். உள்ள போறவரைக்கும் அவன் திரும்பிப் பாக்கல.

கடைசி நாலு, சோசின்ஸ் காமெட், பாக்கவே இல்ல. நேத்து ராத்திரி துணி அடுக்கறதுலயே போயிருச்சு, பேட்டரி இருந்துச்சு, நேரம் இல்ல. டிஸ்க்க அவன்ட்டயே குடுத்தனுப்பிட்டேன்.

ராத்திரி வந்து சேந்துட்டேன்னு மெசேஜ். இங்க கரண்ட்டு போகவே மாட்டேங்குது மாமா, லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருக்கு தூக்கம் வரல, உங்க ஃபோன்ல நாலையும் ஏத்தி வெச்சிருக்கேன், சனிக்கிழமை ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போடுவோம், உங்களுக்கு கரண்ட்டு எப்பன்னு சொல்லுங்கன்னு எழுதியிருந்தான். ஃபோல்டர திறந்து பாத்தேன். அஞ்சு ஃபைல் இருந்துச்சு. அஞ்சாவதா அந்தப் பாழாப்போன பள்ளத்தாக்கு.