லோங்கஸ் இல்லாத லோங்கஸ்

மருத்துவபீடப் பழைய மாணவர் மலர்க்குழுவினர், எங்களுக்கு உடற்கூற்றியல் படிப்பித்த சேரைப் பற்றி ஒரு பக்கம் கேட்டபோது, "உங்கடை பெயரை எப்படிப் போட? லோங்கஸ் என்று போடவோ?" என்றுதான் முதலில் விசாரித்தார்கள். ஊர் மாறி, நாடு மாறி, தலையும் நரைத்தாயிற்று. அந்தப் பட்டப்பெயர் மட்டும் விடவில்லை. ரொறன்ரோவில் ஒரு கலியாண வீட்டில் பாட்ச்காரன் ஒருவன் அப்படிக் கூப்பிட, மனைவியின் உறவினர்கள் அது என் வீட்டுப் பெயராக்கும் என்று நினைத்தார்கள். சேர் போன மாசியில் காலமாகிவிட்டார். அந்தப் பட்டப்பெயருக்குக் காரணமே அவர்தான். அதனால் அந்தக் கதையையே எழுதுகிறேன்.

1990களின் முற்பகுதி, யாழ்ப்பாணத்தில் போர்க்காலம், மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கு, சைக்கிள் டைனமோவில் றேடியோச் செய்தி. உங்களுக்கு இதெல்லாம் சொல்லத் தேவையில்லை. புளொக்கில், அதாவது பிணத்தை அறுத்துப் படிக்கும் கூடத்தில், நாங்கள் முன்கைக்கு வந்து சேர்ந்திருந்தோம். முன்பக்கம் 8, பின்பக்கம் 12 என்று 20 தசைகள். ஒவ்வொன்றும் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எந்த நரம்பு, என்ன வேலை. சிக்னேச்சர் என்கிற வாய்மொழிச் சோதனைக்கு முதல் இரவு தேவாரம் மாதிரிப் பாடமாக்கிக்கொண்டு போவோம். சேருக்கு அதுதான் ஆகாது. ஒப்புவிக்கத் தொடங்கினால், "வாயை மூடும். கையை நீட்டும்" என்பார்.

உயிருள்ள கையில்தான் அவருடைய பாடம். இடது உள்ளங்கையை வலது முழங்கையின் உட்புற எலும்பு முனையில் வைத்து விரல்களைக் கீழ்நோக்கி விரிக்கச் சொல்வார். பெருவிரல் கிடக்கும் வழியில் புரொனேற்றர் ரெரீஸ், சுட்டுவிரலில் பிளெக்சர் கார்ப்பை ரேடியாலிஸ், நடுவிரலில் பால்மாரிஸ் லோங்கஸ், மோதிரவிரலில் பிளெக்சர் கார்ப்பை அல்னாரிஸ். இன்றைக்கும் இதை நான் மறக்கவில்லை. மறக்க வழியும் இல்லை. பிரேக்கியோரேடியாலிஸ் பின்பக்கத்துக் கூட்டத்தில் இருந்துகொண்டு, பின்பக்க நரம்பையும் வாங்கிக்கொண்டு, முழங்கையை மடக்குகிற தசை. அதற்கு அவர் வைத்த பெயர் 'பிளா தூக்கி'. பெருவிரல் மேலே பார்க்கக் கையைப் பிடித்து, கள்ளுப் பிளாவை வாய்க்குக் கொண்டுபோவதுபோல் நடித்துக் காட்டுவார். பனங்கள்ளைத் தொட்டும் பாராத மனிதர்.

இன்னொன்று: "மணிக்கட்டை முழுக்க உள்ளுக்கு மடக்கிக்கொண்டு என்ரை விரலைப் பிடியும் பாப்பம்." எவ்வளவு முக்கினாலும் பிடி விழாது. "இப்ப மணிக்கட்டை நிமித்திப் பிடியும்." இந்தமுறை அவர்தான் கையை இழுத்துக்கொள்வார். விரல்களை மடக்கும் தசைகள் முன்பக்கத்தில் இருக்கின்றன. மணிக்கட்டு முன்னே மடிந்து கிடந்தால் அவை ஏற்கெனவே சுருங்கிப்போயிருக்கும், மேலும் இழுக்க இடமில்லை. பின்பக்கத்துத் தசைகள் மணிக்கட்டை நிமிர்த்திப் பிடித்தால்தான் முன்பக்கத்துக்குப் பலம்.

சரி, என் கதை. பால்மாரிஸ் லோங்கஸைக் காட்ட ஒரு கை வேண்டியிருந்தது. முன்வரிசையில் நான் நின்றேன். பெருவிரலையும் சின்னிவிரலையும் தொடுவித்து மணிக்கட்டைச் சற்று மடக்கச் சொன்னார். நடுவில் அந்தத் தசைநாண் கயிறாகக் கிளம்பவேண்டும். கிளம்பவில்லை. "மற்றக் கை." அதிலும் இல்லை. நூறு பேரில் சுமார் 15 பேருக்கு இந்தத் தசை இருப்பதில்லை என்று பாடநூல்கள் சொல்லும், சமூகத்துக்குச் சமூகம் இது மாறவும் செய்யும், இல்லாவிட்டாலும் பிடியின் பலம் சொல்லும்படி குறையாது. இதையெல்லாம் அவர் அப்போதே சொல்லியிருந்தால் மானம் தப்பியிருக்கும். அவரோ, "எல்லாரும் வந்து தொட்டுப் பாத்திட்டுப் போங்கோ" என்றார்.

பாட்ச் முழுவதும் வரிசையில் வந்தது. கடிதம் கொடுக்கலாமா என்று நான் மாதக்கணக்காக யோசித்துக்கொண்டிருந்த ஒருத்தியும் வந்தாள். விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்றவளிடம், "உண்மையாவே இல்லையடி" என்றாள். கடித யோசனை அன்றோடு முடிந்தது. மாலைக்குள் கன்ரீன் வரைக்கும் நான் லோங்கஸ். அடுத்த பாட்ச் வந்தபோதும் சேர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். சேரை நான் வெறுத்தேன் என்று இந்த மலரில் எழுதுவது அழகில்லை, ஆனாலும் அதுதான் உண்மை.

பிறகு ஒருநாள் எங்களில் சிலரை வார்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். உடற்கூற்றியல் ஆசிரியர்கள் பொதுவாக அந்தப் பக்கம் போவதில்லை. செல் குண்டின் துண்டு மேற்கையில் பாய்ந்து ரேடியல் நரம்பு அறுந்த ஒரு பெடியன் படுத்திருந்தான். மணிக்கட்டு தொங்கியது, விரல்களையும் நிமிர்த்த முடியவில்லை. சேர் அவன் மணிக்கட்டுக்குக் கீழே தன் கையைக் கொடுத்துத் தூக்கினார். உடனே அவன் விரல்கள் சேரின் மற்றக் கையை இறுக்கிப் பிடித்தன. "பிடிக்கிற தசையெல்லாம் நல்லாயிருக்கு. தூக்கிப் பிடிக்கத்தான் ஆளில்லை." முன்பக்கத்திலிருந்து கடன் வாங்கலாம் என்று விளக்கினார்: புரொனேற்றர் ரெரீஸை மணிக்கட்டு நிமிர்த்தும் தசைநாணோடு இணைப்பது, பிளெக்சர் கார்ப்பை அல்னாரிஸை விரல்களுக்குக் கொடுப்பது, பால்மாரிஸ் லோங்கஸைப் பெருவிரலுக்கு. என்னைத் திரும்பிப் பார்த்தார். "உம்மட்டை மட்டும் கடன் வாங்கேலாது." அந்தப் பெடியனும் சிரித்தான்.

நான் கைச் சத்திரசிகிச்சைக்குப் போனது அந்த வார்டினால்தான் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் இங்கிலாந்தில் அப்போது கிடைத்த வேலை அது. ஆனால் தசைநாண் மாற்றும்போதெல்லாம் முதலில் நோயாளியின் பெருவிரலையும் சின்னிவிரலையும் தொடச் சொல்கிறேன். லோங்கஸ் இல்லாதவருக்கு மோதிரவிரலை மடக்கும் மேற்தசையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பயிற்சி வைத்தியர்கள் ஸ்கேன் எழுதப் போவார்கள். நான் கையை நீட்டச் சொல்வேன்.

சேர் ஒரு கடிதம் போட்டிருந்தார்: "கை வேலைக்கு இங்கே ஆளில்லை. எப்ப வாறீர்?" பரீட்சை முடியட்டும் என்று பதில் எழுதினேன். பரீட்சை முடிந்தது. அப்புறம் நிரந்தர வேலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், நாட்டு நிலைமை. 2009இல் போர் முடிந்த பிறகு அந்தக் கடைசிக் காரணத்தையும் சொல்ல முடியாமல் போயிற்று. அப்போது வீட்டுக் கடன் இருந்தது. அவர் மறுபடி கேட்கவேயில்லை. விடுமுறைக்குப் போய் அவர் வீட்டுப் படலையில் நின்றபோது கையைப் பிடித்து மணிக்கட்டைத் தடவினார். "முளைச்சிட்டுதோ எண்டு பாத்தனான்." தேநீர் குடித்து முடியும்வரை, அங்கேயே நின்றுவிட்ட ஜூனியர்களைப் பற்றித்தான் பேசினார். பெயர் பெயராகச் சொன்னார்.

அவர் நினைவாகத் தங்கப் பதக்கம் ஒன்று கொடுக்கச் சங்கம் யோசிப்பதாக அறிந்தேன். எனக்கு உடன்பாடில்லை. நன்றாகப் பாடமாக்கின பிள்ளைக்குத்தான் அது போய்ச் சேரும். தசைநாண் மாற்றிய கையில் சத்திரசிகிச்சை பாதி வேலைதான். இதுவரை மணிக்கட்டை மடக்கிய தசைக்கு இனி விரலை நிமிர்த்துவதுதான் உன் வேலை என்று வாரக்கணக்காகப் பழக்கவேண்டும். அதற்கு அங்கே சிகிச்சையாளர்களும் வேண்டும், கைத்தாங்கிகளும் வேண்டும். பதக்கப் பணத்தை அதற்குக் கொடுப்போம். பொதுக்கூட்டத்தில் யாராவது முன்மொழியுங்கள், நான் வழிமொழிகிறேன். பொருளாளர் முகத்தைச் சுளிப்பார், பரவாயில்லை.