அப்பத்தாவும் பத்தாம் நம்பர் ஸ்பானரும்

பள்ளத்தூரிலிருந்து திரும்பும்போது பைக்கோடு விழுந்தேன். முழங்காலுக்குக் கீழே இருக்கும் பெரிய எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. எலும்புக்குள் ராடு வைத்துத் தைத்தார்கள். ஒன்பது மாதமாகியும் எலும்பு கூடவில்லை, உள்ளே சீழ் வேறு.

அந்த ஒன்பது மாதமும் வீட்டு வைத்தியத்துக்குக் குறைவே இல்லை. வாரம் ரெண்டு நாள் ஆட்டுக்கால் சூப், மற்ற நாளில் பின்கட்டுச் சுவரில் படர்ந்திருக்கும் பிரண்டையைப் பறித்து அப்பத்தா அரைக்கும் துவையல். பிரண்டையை நான் கேலி செய்ய மாட்டேன், 1960களிலேயே காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் உடுப்பா என்ற மருத்துவர் அதை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்து, எலும்பு சீக்கிரம் கூடுகிறது என்று எழுதியிருக்கிறார். ஆனால் நான் துவையலைத் தின்றுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் தினம் ஏழெட்டு சிகரெட் இழுத்துக்கொண்டிருந்தேன். உடைந்த இடத்தில் ரத்தம் உறைந்து, அங்கே குருத்தெலும்பு வளர்ந்து, அப்புறம் அது எலும்பாக மாற வேண்டும், அத்தனைக்கும் புது ரத்தக்குழாய் வேண்டும். நிகோடின் அந்தக் குழாயைத்தான் சுருக்கும்.

முதலில் பார்த்த மருத்துவமனையில் இதைக் கேட்கவே இல்லை. பதிலாக, தினம் இருபது நிமிஷம் காலில் வைக்க ஒரு அல்ட்ராசவுண்ட் பெட்டியை வாடகைக்குத் தலையில் கட்டினார்கள். ராடு வைத்த 501 பேரிடம் இதே சமாச்சாரத்தைச் சோதித்து, பலன் இல்லை என்று 2016லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்துவிட்டது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வாடகைப் பணம் போனது போனதுதான்.

மதுரை டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வியே சிகரெட். நான் முழிக்க, அவர், "ஆச்சி, நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க" என்றார். "எனக்குத் தெரியும் டாக்டர், வாடை வருமில்ல" என்றாள் அப்பத்தா. அன்றோடு விட்டேன்.

ராடை எடுத்து, செத்துப்போன எலும்பில் மூன்றரை சென்டிமீட்டரை வெட்டிவிட்டு, காலைச் சுற்றி வெளியே நின்று, கம்பிகளால் எலும்பைப் பிடித்துக்கொள்ளும் இலிசரோவ் வளையம் மாட்டினார்கள். 1950களில் சைபீரியாவில் குர்கான் என்ற ஊரில் இலிசரோவ் கண்டுபிடித்த வித்தை. உயரம் தாண்டுவதில் 1964 ஒலிம்பிக் தங்கம் வாங்கிய புருமெல், மறு வருஷமே மோட்டார் சைக்கிள் விபத்தில் காலை நொறுக்கிக்கொண்டு கடைசியில் இவரிடம்தான் போனார், மறுபடி தாண்டவும் செய்தார். இதைக் கேட்டதும் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நல்ல எலும்பையே வேண்டுமென்று உடைத்து, ஒரு வாரம் சும்மா விட்டு, அப்புறம் அந்தத் துண்டை, வெட்டியெடுத்த இடத்தை மூட, கணுக்கால் பக்கம் மெல்ல நகர்த்த வேண்டும். பின்னால் விடுகிற இடைவெளியில் புது எலும்பு நூல் நூலாக ஊறி வரும். ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர்தான். அவசரப்பட்டால் எலும்பு உருவாகாது, ரொம்ப மெதுவாகப் போனால் முன்னாலேயே கூடிவிடும். வளையத்தில் இருக்கும் நட்டை ஒரு முழுச் சுற்று சுற்றினால் 1 மில்லிமீட்டர், அதனால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு கால் சுற்று. அதற்குச் சைக்கிள் கடையில் கிடக்கும் அதே பத்தாம் நம்பர் ஸ்பானர்.

பட்டாலையில் கட்டில். ராத்திரி பன்னிரண்டுக்குச் சுவர்க் கடிகாரம் அடித்ததும் அப்பத்தா எழுந்து வந்து உலுக்குவாள், நான் நட்டைத் திருகுவேன், அவள் ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போடுவாள். விடிகாலை ஆறு, மத்தியானம், சாயங்காலம் எல்லாத்துக்கும் அதே கணக்கு. மூன்றாவது வாரம் வரை எக்ஸ்ரேயில் அந்த இடம் வெறும் கறுப்பு, எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்புறம் ஒரு நாள் மார்கழிப் பனி மாதிரி லேசாக ஏதோ தெரிந்தது.

முப்பத்தைந்து நாள் முடிந்ததும் கொட்டைகளை ஆத்தங்குடிக் கல் தரையில் கொட்டி நாலு நாலாக எண்ணினாள். 140 இருக்க வேண்டும், 139தான் இருந்தது. "ஒரு ராத்திரி நீ என்னை ஏமாத்திட்டே" என்றாள். அவள்தான் தூங்கியிருப்பாள் என்றேன். டாக்டரிடமே பஞ்சாயத்துப் போனது. அவர் சிரித்துக்கொண்டே, "கால் மில்லிமீட்டர்தானே ஆச்சி, இன்னைக்குச் சேர்த்துத் திருகிக்கலாம்" என்றார்.