நூற்றுக்கு ஏழு பாட்டு

ரொறன்ரோவில் ஒரு பல்மொழி எஃப்எம் வானொலியில் தமிழ் நிகழ்ச்சிகளுக்குப் பாட்டுத் தெரிவு செய்து கொடுப்பது பல வருடங்களாக என் வேலையாக இருந்தது. வெளியில் நின்று பார்ப்பவர்களுக்கு அது சுகமான வேலை. எல்லாப் பாட்டும் கையில் இருக்கிறது, நேயர் கேட்டதைப் போட்டால் சரி என்று நினைப்பார்கள். ஆனால் அந்த வேலையின் பாதி, பாட்டுகளை எண்ணுவதுதான். கனடாவில் வானொலி நடத்தும் எவரும் தாம் போட்ட பாட்டுகளில் எத்தனை கனடாவில் உருவானவை என்று, வானொலி, தொலைக்காட்சியை ஒழுங்குபடுத்தும் சிஆர்டிசி ஆணையம் கேட்கும்போது கணக்குக் காட்ட வேண்டும். ஆங்கில வர்த்தக வானொலிகளுக்கு நூற்றுக்கு 35. எங்களைப் போன்ற குடிவந்தோர் மொழி நிகழ்ச்சிகளுக்கு நூற்றுக்கு 7.

ஏழு என்றால் சின்னக் கணக்குத்தான். மணித்தியாலத்துக்குப் பன்னிரண்டு பாட்டுப் போனால் அதில் ஏறக்குறைய ஒன்று. ஆனால் அந்த ஒன்றுக்கு எங்கே போவது? தமிழ் வானொலிக்குப் பாட்டு சென்னையில் இருந்து வரும், எங்கள் வேலை அதை எடுத்துப் போடுவது என்றுதான் நாங்கள் எல்லோரும் பழகியிருந்தோம். அந்த விதி வந்து கதவைத் தட்டியபோதுதான் ரொறன்ரோப் பக்கத்து ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் நிலக்கீழ் அறைகளில் இருந்து பாட்டுச் செய்யும் பிள்ளைகளை நாங்களாகவே தேடிப் போனோம். அவர்கள் முன்பும் இருந்தார்கள். தேட வேண்டிய தேவைதான் எங்களுக்கு இருக்கவில்லை.

ஆங்கில வானொலிகளிலும் ஒரு காலத்தில் இதே கதைதான். எல்லைக்கு அப்பால் இருந்து வரும் அமெரிக்கப் பாட்டு நல்ல பாட்டு, அதற்கான செலவும் அங்கேயே ஈடாகிவிட்டது, பிறகு ஏன் உள்ளூரில் தேட வேண்டும்? அறுபதுகளில் நீல் யங், ஜோனி மிச்சல் போன்ற கனடியப் பாடகர்கள் பெயர் எடுப்பதற்கு அமெரிக்கா போக வேண்டியிருந்தது. 1971 ஜனவரியில் ஏஎம் வானொலிகளுக்கு 30 வீத விதி வந்தது. அப்போது ஆணையத்தின் தலைவராக இருந்தவர் பியர் ஜூனோ. கனடாவின் ஜூனோ இசை விருது அவர் பெயரை ஒட்டியதுதான். தரமில்லாத பாட்டைச் சட்டம் போட்டுத் திணிக்கிறார்கள் என்று அன்றைக்கு வானொலி முதலாளிகள் கடுமையாக எதிர்த்தார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் அது 35 வீதமாகக் கூடியது. அதற்குள் இந்த நாட்டில் ஒலிப்பதிவுக் கூடங்களும், பாடகர்களைக் கொண்டு நடத்தும் மேலாளர்களும், இசைத்தட்டு நிறுவனங்களும் வேரூன்றி விட்டன. கேட்கும் ஆள் நிச்சயமாக இருக்கிறார் என்று தெரிந்தால்தானே ஒருவர் கடன்பட்டாவது ஸ்டூடியோ போடுவார்.

எது கனடாப் பாட்டு என்பதற்கு ‘மேப்பிள்’ என்ற முறை ஒன்று இருந்தது. நான்கு கேள்விகள். இசையமைத்தவர் கனடியரா? பாடியவரோ வாசித்தவரோ கனடியரா? பதிவு முழுவதும் கனடாவில் நடந்ததா? வரிகளை எழுதியவர் கனடியரா? நான்கில் இரண்டுக்கு ஆம் என்று வந்தால் போதும். கேட்க எளிது. மேசையில் ஒரு பாட்டு வந்து விழுந்தால்தான் சிக்கல் தெரியும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஸ்காபரோவில் வளர்ந்த பெண் பாடுகிறார். குரலை இங்கேதான் பதிந்தார்கள். மெட்டு சென்னையில் இருக்கும் ஒருவருடையது. வரிகள் யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு கவிஞர் வாட்ஸ்அப்பில் அனுப்பியவை. தவிலும் புல்லாங்குழலும் சென்னையில் வாசித்துப் பதிந்து கோப்பாக வந்தவை. பாடியவர் என்ற ஒன்றுக்கு ஆம். பதிவு முழுவதும் கனடாவில் நடக்கவில்லை, ஆகவே அது இல்லை. இசையும் வரியும் இல்லை. நான்கில் ஒன்று. அந்தப் பெண்ணின் தகப்பனார் ஸ்டூடியோவுக்கு வந்து, “என்ர பிள்ளை இஞ்ச பிறந்தவள், அவளின்ர பாட்டுக் கனடாப் பாட்டு இல்லையெண்டால் வேறை எது?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பாட்டை நாங்கள் போட்டோம், பல தடவை போட்டோம். கணக்கில்தான் அது சேரவில்லை. அடுத்த பாட்டுக்கு அந்தப் பெண் இங்கேயே இருக்கும் ஒரு பல்கலைக்கழகப் பெடியனை மெட்டுப் போட வைத்தார். கீபோர்டு, வயலின், மிருதங்கம் எல்லாம் இங்கே கற்றுக்கொண்ட பிள்ளைகள். அது எண்ணிக்கையில் ஏறியது. விதி என்ன செய்கிறது என்பதை நான் கண்ணால் கண்டது அங்கேதான். வெளியூருக்குப் போக இருந்த வேலை உள்ளூரில் நாலைந்து பேருக்குக் கிடைத்தது.

பெரிய ஆட்களும் இந்த நான்கு கேள்வியில் மாட்டியிருக்கிறார்கள். பிரையன் அடம்ஸ் தன் 1991 இசைத்தட்டின் பாட்டுகளை வெளிநாட்டுக்காரர் ஒருவரோடு சேர்ந்து எழுதியதால் அவை கனடாப் பாட்டாக எண்ணப்படவில்லை. பெரிய சர்ச்சை எழுந்து, கூட்டாக எழுதும் பாட்டுகளுக்கு விதியைத் திருத்தினார்கள். திருத்தலாம் என்பதே எனக்குப் பிடித்த விஷயம். கலையை அளக்க எந்த அளவுகோலும் முழுதாகப் பொருந்தாது. பொருந்தாத இடத்தில் யாராவது சத்தம் போட வேண்டும், அப்புறம் அதைத் திருத்த வேண்டும்.

இந்த விதிகளில் என் மனதை மிகவும் தொட்டது ‘கனடியர்’ என்பவர் யார் என்ற பகுதி. குடியுரிமை பெற்றவர், நிரந்தர வதிவிடம் உள்ளவர் என்பதோடு அது நிற்கவில்லை. பாட்டுக்கான பங்களிப்பைச் செய்வதற்கு முந்தைய ஆறு மாதமும் கனடாவில் வசித்தவர் என்றாலும் போதும். நாட்டுக்குப் புதிதாக வந்து, பகலில் தொழிற்சாலையில் வேலை செய்து, இரவில் பாட்டு எழுதிய ஒரு பெடியன் சீடி ஒன்றோடு வந்தார். கொடுத்துவிட்டு, தயங்கித் தயங்கி, “அண்ணை, எனக்கு இன்னும் கேஸ் முடியேல்லை. இதைக் கனடாப் பாட்டெண்டு போடேலுமோ?” என்றார்.

“இதை எழுத முந்தின ஆறு மாசமும் இஞ்சதானே இருந்தனீர் தம்பி?”

“ஓம் அண்ணை, ஒரு வருசத்துக்கு மேல.”

“அப்ப காணும்.”

குடிவரவு அலுவலகம் அவருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஒலிபரப்பு விதியோ அவருடைய பாட்டை இந்த நாட்டுப் பாட்டாக ஏற்கெனவே எண்ணிக்கொண்டது. பாட்டு எதைப் பற்றியது என்று அந்த விதி கேட்கவே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பனியைப் பாட வேண்டும், மேப்பிள் மரத்தைப் பாட வேண்டும் என்று நிபந்தனை இல்லை. அவருடைய பாட்டு ஊரில் விட்டு வந்த தாயைப் பற்றியது. செய்தவர் யார், எங்கே செய்தார் என்று மட்டும் பார்ப்பது வறட்டுக் கணக்கு என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. எது தேசத்தின் உணர்வு என்று ஒரு அதிகாரி உட்கார்ந்து தீர்மானிக்கத் தொடங்கினால் முதலில் வெளியே நிற்பவை எங்கள் பாட்டுகளாகத்தான் இருக்கும்.

ஆனால் எண்ணிக்கை மட்டும் இருந்தால் ஏமாற்ற வழி உண்டு. ஆங்கில வானொலிகளில் சில, கனடாப் பாட்டுகளை எல்லாம் ஆட்கள் உறங்கும் நேரத்தில் கொண்டுபோய்க் கொட்டின. கனடாவின் சின்னமான விலங்கின் பெயரால் அதை ‘பீவர் நேரம்’ என்று சொல்வார்கள். அதனால்தான் வார நாட்களில் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரைக்கும் தனியாக 35 வீதம் வர வேண்டும் என்று ஆக்கினார்கள். எங்கள் 7 வீதத்துக்கும் நிகழ்ச்சி நேரம் முழுவதும் நியாயமாகப் பரவியிருக்க வேண்டும் என்ற சொல் உண்டு. ஒலிபரப்பான அனைத்தையும் நான்கு வாரம் பதிவாக வைத்திருக்க வேண்டும், முறைப்பாடு வந்தால் எட்டு வாரம். ஆணையம் ஏதாவது ஒரு வாரத்தைச் சொல்லி, அந்த வாரத்தின் பாட்டுப் பட்டியலையும் ஒலிப்பதிவையும் தா என்று கேட்கும். அந்தக் கடிதம் வந்தால் அலுவலகமே பரபரக்கும். காலை வேலைக்குப் போகும் நேரத்தில் உள்ளூர்ப் பாட்டைப் போடுவதில் விளம்பரப் பகுதிக்கு எப்போதும் மனவருத்தம் இருந்தது. அதிகாலையில் போடலாமே என்பார்கள். நான் விதியைத்தான் காட்டுவேன். விதி இல்லாவிட்டால் அந்த வாதத்தில் ஒருபோதும் வென்றிருக்க மாட்டேன்.

பணமும் வேண்டும். 1982இல் தொடங்கிய ‘ஃபாக்டர்’ போன்ற நிதியங்களுக்கு வானொலி நிறுவனங்கள் தம் வருமானத்தில் இருந்து கொடுக்கின்றன, அது பதிவுச் செலவுக்கும் இசைப் பயணத்துக்கும் உதவியாகக் கலைஞருக்குப் போகிறது. எங்கள் பிள்ளைகளில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சோக்கான் அமைப்பில் பதிவு செய்தால் வானொலியில் பாட்டுப் போவதற்கு உரிமைத்தொகை வரும் என்பதும் தெரியாது. பாட்டை வாங்கி வைக்கும்போதே இந்த இரண்டையும் சொல்லி அனுப்புவதை நான் ஒரு கடமையாகவே வைத்திருந்தேன்.

தொலைக்காட்சியில் கணக்கு இன்னும் விரிவானது. அங்கே பல வருடங்களாக இருந்தது பத்துப் புள்ளி முறை. இயக்குநருக்கு 2, கதை வசனம் எழுதுபவருக்கு 2, முதன்மை நடிகர்கள் இருவருக்கும் ஆளுக்கு 1, ஒளிப்பதிவு, கலை, இசை, படத்தொகுப்பு ஒவ்வொன்றுக்கும் 1. பத்தில் ஆறு எடுத்தால் கனடா நிகழ்ச்சி. அதோடு செலவில் பெரும்பங்கு இங்கேயே செலவாகியிருக்க வேண்டும். ஆனால் மணிக்கணக்கை நிரப்பு என்று மட்டும் சொன்னால் என்ன வரும்? மலிவான அரட்டை நிகழ்ச்சியும் மறு ஒளிபரப்பும் வரும். நாடகம் எடுக்கக் காசு வேண்டுமே. 2015இல் பகல் நேரத்துக்கான கனடா நிகழ்ச்சி அளவை ஆணையம் கைவிட்டு, மாலை நேரத்துக்கு மட்டும் பாதியாக வைத்துக்கொண்டது. பெரிய ஆங்கிலத் தொலைக்காட்சிக் குழுமங்கள் வருமானத்தில் 30 வீதத்தைக் கனடா நிகழ்ச்சிகளில் செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. கேபிள், செய்மதி நிறுவனங்களின் வருமானத்தில் 5 வீதம் கனடா நிகழ்ச்சிகளுக்குப் போகிறது, அதில் பங்கு பெறும் நிதியங்களில் கனடா மீடியா ஃபண்ட் பெரியது. நல்ல நேரமும் நல்ல காசும் சேர்ந்தால்தான் நாடகம் வரும் என்பதை அவர்கள் கண்டுகொள்ளப் பல வருடங்கள் எடுத்தன.

இதை யோசிக்கும்போது எங்கள் பக்கத்து வரலாறு ஒன்று நினைவுக்கு வரும். ஐம்பதுகளில் இந்திய அமைச்சர் பி. வி. கேஸ்கர், செவ்வியல் இசையைக் காப்பதற்காக அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஓரங்கட்டினார். மக்கள் என்ன செய்தார்கள்? ரேடியோ சிலோனைத் திருப்பினார்கள். கடைசியில் 1957இல் சினிமாப் பாட்டுப் போடும் விவித பாரதிச் சேவையைத் தொடங்க வேண்டி வந்தது. மக்கள் விரும்புவதைப் பறித்துவிட்டு வேறொன்றை வளர்க்க முடியாது. மறுபக்கம் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை சினிமாப் பாட்டையும் போட்டது, ஈழத்து மெல்லிசைப் பாடல்களுக்கும் வானொலி நாடகங்களுக்கும் இடம் கொடுத்தது. என் தலைமுறைக்கு உள்ளூர்க் குரல் என்று ஒன்று காதில் ஏறியதே அதனால்தான். கனடாவின் 7 வீதமும் அந்த வகைதான். மிச்சம் 93க்கு நீ விரும்பியதைப் போடு என்கிறது.

இப்போது அந்தப் பெடியள் வானொலிக்குக் கொண்டுவந்து தருவதில்லை, நேரே இணையத்தில் ஏற்றுகிறார்கள். கேட்பவர்களும் அங்கேதான். 2023 ஏப்ரலில் இணைய ஒளிபரப்புகளையும் ஒலிபரப்புச் சட்டத்துக்குள் கொண்டுவரும் சட்டம் நிறைவேறியது. கனடாவில் ஆண்டுக்கு 2.5 கோடி டொலருக்கு மேல் வருமானம் பார்க்கும், கனடிய ஒலிபரப்பாளரைச் சாராத இணையச் சேவைகள் அதில் 5 வீதம் கொடுக்க வேண்டும் என்று 2024 ஜூனில் ஆணையம் சொன்னது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். காசு ஒரு நாள் வரும் என்றே நம்புகிறேன். ஆனால் காசு மட்டும் வந்தால் எனக்குப் போதாது. பாட்டைத் தெரிவு செய்பவர் ஒரு மனிதராக இருந்தபோது அவரை ஒரு விதி தேட வைத்தது. கணினி தெரிவு செய்யும் இடத்தில் அந்தத் தேடலை யார் செய்வது? சென்னையில் இருந்து வரும் ஆயிரம் பாட்டுகளுக்கு நடுவே ஸ்காபரோப் பாட்டு ஒன்றை அது கேட்பவர் முன் வைக்குமா? சட்டம் கண்ணில் படும்படி வை என்று சொல்லலாம். அதற்கு அந்தப் பாட்டு எங்கே, யாரால் செய்யப்பட்டது என்று சேவைக்குத் தெரிய வேண்டும். ஏற்றப்படும் எங்கள் பாட்டுகளில் பெரும்பாலானவற்றில் பாடகர் பெயரும் படமும்தான் இருக்கின்றன. மெட்டுப் போட்டவர், எழுதியவர், பதிந்த இடம் எதுவும் இல்லை.

ஆகவே யாராவது புதுப் பாட்டை அனுப்பி, “அண்ணை, கேட்டுப் பாருங்கோ” என்று எழுதினால், கேட்ட பிறகு அந்த நான்கு விவரத்தையும் கேட்டு வாங்குகிறேன். சிலர் அலுத்துக்கொள்கிறார்கள். பலர் அன்றைக்கே பக்கத்தைத் திறந்து, மிருதங்கம் வாசித்த பிள்ளையின் பெயர் வரைக்கும் சேர்த்துவிடுகிறார்கள்.