மொட்டைமாடியில் ஒரு கிளைப் பாதை

ஜனவரி 5, 2025

மகள் விட்டுப்போன அட்டைப்பெட்டிகள் ஒருவழியாக இன்று கீழே இறங்கின. மொட்டைமாடி அறை இனி என்னுடையது. நீளச் சுவர் 3.6 மீட்டர், குறுக்குச் சுவர் 2.4 மீட்டர், மேலே தகரக் கூரை.

மதுரை – போடி மீட்டர் கேஜ் பாதையை 2010 டிசம்பர் இறுதியில் மூடினார்கள். அதை மாதிரி ரயிலாக வீட்டுக்குள் கொண்டுவருவேன் என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் அகலப் பாதையில் ரயில் திரும்பிவிட்டது. நல்லதுதான். ஆனால் எனக்கு வேண்டியது உசிலம்பட்டியில் எதிர் ரயிலுக்காகக் காத்துக் கிடந்த அந்தப் பழைய வண்டி.

1:87 என்ற மாதிரி அளவுக்காகப் பாதையின் 90 கிலோமீட்டரை 87-ஆல் வகுத்துப் பார்த்தேன். ஒரு கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. மாடி அறையில் போடி வராது. போடியின் சாயலில் ஒரு முனை நிலையம் மட்டும் வரும். மஞ்சள் பெயர்ப்பலகை இருக்கும், அதில் எழுத்து இருக்காது. பெயர் எழுதிவிட்டால் ஒவ்வொரு ஸ்லீப்பருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஜனவரி 11

அளவு முடிவாகிவிட்டது. 1:87, தண்டவாள அகலம் 12 மில்லிமீட்டர். 12-ஐ 87-ஆல் பெருக்கினால் 1,044. உண்மையான மீட்டர் கேஜைவிட 44 மில்லிமீட்டர் கூடுதல். கண்ணுக்குத் தெரியாது. எதிர்வீட்டு அண்ணனிடம் சொன்னேன். மீட்டர் கேஜ் காலத்தில் உதவி ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "44 மில்லிமீட்டர் அகன்றால் வண்டி கீழே இறங்கிவிடும், தம்பி" என்றார். அவர் கண்ணுக்குத் தெரியும் போலிருக்கிறது.

இந்த 12 மில்லிமீட்டரில் ஒரு வசதி உண்டு. 1:120 அளவில் இதே அகலம் ஐரோப்பாவின் ஸ்டாண்டர்டு கேஜ் பாதைக்குப் பொருந்தும். ஆகவே அந்த அளவில் செய்த பழைய ஜெர்மன் டீசல் ஒன்றின் அடிப்பாகத்தை வாங்கி, அதன்மேல் நம் மீட்டர் கேஜ் டீசல் எஞ்சினான ஒய்.டி.எம்.-4-இன் உடலை அச்சிட்டு மாட்டிவிடலாம். அதிலும் ஆறு அச்சு, இதிலும் ஆறு அச்சு. நீராவி எஞ்சின் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அதற்குத் திருப்புமேடை வேண்டும். திருப்புமேடை வைத்தால் ஜன்னலை எடுக்க வேண்டும். டீசல் இருபுறமும் ஓடும். 1980-களின் நடுவில் ஒரு நாள், செங்காவி நிறப் பெட்டிகள் என்று வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 19

செய்தித்தாள்களை ஒட்டி 3.6 மீட்டர் நீளத்துக்கு முழு அளவு வரைபடம் போட்டேன். நடைமேடைப் பாதை, அதன் பக்கத்தில், இரு முனையிலும் அதோடு சேரும் லூப், சரக்குக் கொட்டகைக்கு ஒரு கிளை, உபரிப் பெட்டி நிறுத்த இன்னொன்று. தடம் பிரியும் பாயிண்டுகள் நான்கு. மீட்டர் கேஜ் பெட்டியின் நீளம் ஏறத்தாழ 19.5 மீட்டர், 87-இல் அது 22.4 சென்டிமீட்டர். மூன்று பெட்டிகளுக்கு 67. எஞ்சினுக்கு 18. மொத்தம் 85 சென்டிமீட்டரில் ஒரு பயணிகள் ரயில். நான்காவது பெட்டிக்கு ஆசைப்பட்டால் லூப் வளைவுக்குள் நுழைந்துவிடும்.

அண்ணன் மாடிக்கு வந்தார். மூச்சு வாங்க நின்று, மூக்குக்கண்ணாடியை மாட்டி, காகிதத்தின் கடைசியில் விரலை வைத்தார்.

"வண்டி வந்து நின்றாயிற்று. எஞ்சினைக் கழற்றி முன்னால் கொண்டுபோய் லூப் வழியாகத் திருப்ப வேண்டும். எஞ்சின் எங்கே போய் நிற்கும்?"

முட்டுக்கட்டைக்கும் பாயிண்டுக்கும் நடுவே நான் விட்டிருந்தது 16 சென்டிமீட்டர். எஞ்சின் 18. பின்சக்கரம் பாயிண்டின் மேலேயே நிற்கும். பாயிண்டை மாற்ற முடியாது. இரண்டு வாரம் வரைந்த எனக்கு இது தெரியவில்லை. நடைமேடையில் ஆறு சென்டிமீட்டரை வெட்டி அங்கே சேர்த்தேன்.

பிப்ரவரி 9

பலகை அடித்தாயிற்று. நீளச் சுவரில் நிலையம், மூலையில் 60 சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு வளைவு, குறுக்குச் சுவரில் திரை மறைவாக ஒரு தட்டு. பார்வைக்கு அப்பால் போகும் வண்டிகள் நிற்கும் இடத்தை ஆங்கிலேயர்கள் ஃபிடில் யார்டு என்கிறார்கள். என் வீட்டில் அதற்குப் பெயர் மதுரை. அலமாரி இழுப்பறைக்கு வைக்கும் டிராயர் சேனல்மேல் ஒரு பலகை, பலகைமேல் நான்கு தண்டவாளங்கள். தட்டை இழுத்து, வேண்டிய தடத்தை வாயிலுக்கு நேராக நிறுத்த வேண்டும். பாயிண்டே வேண்டாம், இடமும் மிச்சம், காசும் மிச்சம்.

இன்று காலை ஐந்தரை மணிக்கே தொடங்கித் தண்டவாளம் பதித்தேன். குளிர்ச்சியாக இருந்தது. இணைப்புகளை ஒரு மயிரிழைகூட விடாமல் நெருக்கி, ஈயம் பற்றவைத்துவிட்டேன். கையால் தடவினால் ஒரே கம்பிபோல இருக்கிறது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மார்ச் 16

ஜல்லி. கட்டடம் நடக்கும் இடத்தில் ஒரு பை எம்-சாண்ட் கேட்டு வாங்கி, முதலில் மாவுச் சல்லடையிலும் பிறகு தேநீர் வடிகட்டியிலும் சலித்தேன். நடுத்தரத் துகள் மட்டும் வேண்டும். அதன்மேல் காந்தத்தை ஓட்டிப் பார்த்ததில் கறுப்பாக ஒரு மீசை ஒட்டிக்கொண்டது. இரும்புத் துகள். அதை விட்டுவைத்தால் எஞ்சினின் மோட்டார் இழுத்துக்கொள்ளும்.

வெள்ளைப் பசையில் பாதிக்குப் பாதி தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு. சோப்பு இல்லாவிட்டால் பசை, துகளின்மேல் முத்துமுத்தாக நிற்கும், உள்ளே இறங்காது. மருந்துச் சொட்டுக் குழாயால் விட்டுக்கொண்டே போனால் ஒரு மீட்டருக்கு ஒரு மாலைப் பொழுது. இரண்டாவது பாயிண்டின் நாக்கு பசையில் ஒட்டிக்கொண்டது. பிளேடால் சுரண்டி எடுத்தேன்.

பின்புலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலையை வரைந்தேன். "இது யானை படுத்திருக்கிறதா?" என்று மனைவி கேட்டாள். விட்டுவிட்டேன், அப்படியே இருக்கட்டும்.

மே 6

அக்னி நட்சத்திரம் தொடங்கி இரண்டு நாள். மதியம் மாடிக்குப் போனால் வளைவுக்குப் போகும் இடத்தில் தண்டவாளம் பாம்புபோல நெளிந்து கிடக்கிறது. ஒரு ஸ்லீப்பர் வரிசை ஜல்லியோடு பெயர்ந்து மேலே எழும்பியிருக்கிறது.

கணக்குப் போட்டேன். இந்தக் கலப்பு உலோகம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 0.017 மில்லிமீட்டர் நீளும். 3.6 மீட்டர், காலைக் குளிருக்கும் தகரக் கூரையின் மதியத்துக்கும் 20 டிகிரி வித்தியாசம் என்றால் 1.2 மில்லிமீட்டர். போவதற்கு இடமில்லை, பக்கவாட்டில் போயிருக்கிறது. பிப்ரவரியில் என்னை மெச்சிக்கொண்ட அந்த ஈயப்பற்று, ஆறு இடத்தில் அறுபட்டது.

அண்ணன் சிரிக்கவில்லை. "கோடையில் தண்டவாளம் பார்க்கும் கீமேன் ஏன் நடந்துகொண்டே இருப்பான் என்று நினைத்தாய்?" என்று மட்டும் கேட்டார்.

மே 18

கோடை விடுமுறைக்குப் பேரன் வந்திருக்கிறான். அவன் வந்த நேரத்தில்தான் டோக்கன் கருவி முடிந்தது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் மலை, மரம், கொட்டகையெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்துவிடக்கூடாது. அதற்காக இரண்டு நிலையங்களிலும் ஒவ்வொரு கருவி. உள்ளே எஃகுக் குண்டுகள். எதிர்நிலையம் சம்மதித்தால்தான் ஒரு குண்டு வெளியே வரும். ஒன்று வெளியே இருக்கும்வரை இருபுறமும் வேறு குண்டு வராது. அந்தக் குண்டைப் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி, ஓட்டுநர் கையில் கொடுப்பார்கள். நீலின் டோக்கன் கருவி என்று அதற்குப் பெயர். சிறுவயதில் ஆண்டிபட்டி போகும்போது, ஓடும் எஞ்சினிலிருந்து நீளும் கை அந்த வளையத்தை வாங்குவதை ஜன்னலில் தலைநீட்டிப் பார்த்து அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

என் கருவிக்கு ஒர்க்‌ஷாப்பில் கேட்டு வாங்கிய பேரிங் குண்டுகள், முனைக்கு நான்கு. வெளிவாயிலில் பழைய மின்பூட்டின் கம்பிச்சுருள். எதிர்முனையில் இருப்பவர் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும்போதுதான் இங்கே பூட்டு விலகும். வந்த குண்டை ஓட்டுநர் தன் கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருக்கும் குழியில் போட வேண்டும். குழியின் அடியில் இரண்டு பித்தளைத் தகடுகள். குண்டு இரண்டையும் தொட்டதும் ரிலே ஒன்று 'டக்' என்கிறது. நிலையத்துக்கும் மதுரைக்கும் நடுவே 12 வோல்ட் பாய்கிறது. குண்டு இல்லையென்றால் எஞ்சின் புறப்பாட்டுக் கைகாட்டியைத் தாண்டியதும் செத்துப்போகும்.

முதல்நாள் 'டக்' வரவேயில்லை. மல்டிமீட்டரை வைத்து இரண்டு மணி நேரம் துழாவினேன். கடைசியில் பார்த்தால் குண்டுகளில் கடை எண்ணெய் அப்படியே இருக்கிறது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்ததும் சரியாயிற்று.

மே 25

பேரன் மதுரை ஸ்டேஷன் மாஸ்டர். நான் முனையில். மணிக் குறிப்புகளை அண்ணன் சொல்லிக்கொடுத்தார்: இரண்டு அடி, லைன் கிளியர் (வண்டி அனுப்ப அனுமதி) கேட்க, மூன்று, வண்டி புறப்பட்டது, நான்கு, வண்டி வந்து சேர்ந்தது, ஆறு என்றால் ஆபத்து. அதோடு பிரைவேட் நம்பர் வேண்டும் என்று பிடிவாதம். லைன் கிளியர் கொடுப்பவர் தன் தாளிலிருந்து ஓர் இரட்டை இலக்க எண்ணைச் சொல்லி, அதை அடித்துவிட வேண்டும். கேட்டவர் தன் பதிவேட்டில் எழுத வேண்டும். பேரன் எழுதிய தாளில் முதல் பத்து எண்களும் கிரிக்கெட் வீரர்களின் சட்டை எண்கள்.

சரக்குப் பெட்டிகளுக்கு ஆளுக்கொரு சீட்டு: அரிசி, உரம், மண்ணெண்ணெய். திரும்பும்போது ஏலக்காய் மூட்டை. தாயக்கட்டையை உருட்டி எது எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்கிறோம். பயணிகளும் சரக்கும் சேர்ந்த கலப்பு ரயில் 10.40-க்கு வந்தது. உரப் பெட்டி கொட்டகைக்குப் போக வேண்டும். கொட்டகையில் ஏற்கெனவே காலிப் பெட்டி நிற்கிறது. அதை வெளியே இழுத்தால் லூப்பில் பயணிகள் பெட்டிகள். எட்டுப் பெட்டிகளிலிருந்து ஐந்தை ஒரு வரிசையில் கோக்க 6,720 வழிகள் உண்டு என்பது ஆலன் ரைட்டின் இங்கிள்நூக் என்ற மாதிரி ரயில் புதிரை ஆடுபவர்களுக்குத் தெரியும். எனக்கு மூன்று பெட்டிகளுக்கே முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. வண்டி மொத்தம் ஓடிய தூரம் ஆறு மீட்டர் இருக்கலாம். இவ்வளவு மகிழ்ச்சியான காலை அண்மையில் எனக்கு வாய்த்ததில்லை.

ஜூன் 3

பள்ளி திறந்துவிட்டது. மதுரையில் ஆளில்லை.

பீட்டர் டென்னி என்ற ஆங்கிலேயப் பாதிரியார் தன் பக்கிங்ஹாம் என்ற மாதிரி ரயில் பாதையை மகன் கிரிஸ்பினோடு இயக்கிவந்தார். மகன் வளர்ந்து வெளியே போனதும், அவன் செய்த வேலையைச் செய்ய மணியடிக்கும் இயந்திரம் ஒன்றையே கட்டினார். அதற்கு வைத்த பெயர் 'தானியங்கி கிரிஸ்பின்'. முன்பு இதைப் படித்தபோது சிரித்தேன்.

ஜூன் 14

இரவு பத்து மணி. எஞ்சினை மதுரைக்குக் கொண்டுபோய்விட்டுப் படுக்கலாம் என்று நினைத்தேன். மதுரையின் பொத்தானை அழுத்த ஆளில்லை. இரண்டு கைக்கும் நடுவே நாலு மீட்டர். ஒரு திருப்புளியை எடுத்துப் பித்தளைத் தகடுகளின் குறுக்கே வைத்தேன். 'டக்'. எஞ்சின் புறப்பட்டது. வளைவில் விளக்கொளி அழகாகத் திரும்பியது. திரைக்குள் போனது.

பிறகு ஓர் ஓசை.

தட்டு இரண்டாம் தடத்துக்கும் மூன்றாம் தடத்துக்கும் நடுவில் நின்றிருக்கிறது. மதுரையில் ஆள் இருந்திருந்தால், தட்டை நேராக்கிய பிறகுதான் பொத்தானை அழுத்தியிருப்பார். தரை ஒரு மீட்டர் கீழே. முன் தாங்கி உடைந்தது, ஓட்டுநர் அறையின் ஒரு மூலை பிளந்தது. மோட்டார் மட்டும் மல்லாந்த நிலையிலும் சுற்றிக்கொண்டிருந்தது.

ஜூன் 15

அண்ணனிடம் தட்டு வழுக்கிவிட்டது என்றுதான் சொல்ல நினைத்தேன். மேசையிலிருந்த திருப்புளியைப் பார்த்துவிட்டார்.

"எழுத்தில் விளக்கம் கொடு."

"அண்ணே, விளையாட்டுக்கு…"

"விளையாட்டுக்குத்தான் குண்டும் பூட்டும் வைத்தாயா?"

அரைப்பக்கம் எழுதிக் கொடுத்தேன். "டோக்கன் இன்றி வண்டியை இயக்கியது என் தவறு" என்று முடித்திருந்தேன். படித்து, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். திருப்புளியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜூன் 22

எஞ்சின் தேறிவிட்டது. தழும்பு தெரிகிறது, தெரியட்டும்.

மனைவி மதுரையை ஏற்றுக்கொண்டாள், இரண்டு நிபந்தனைகளோடு: நாற்காலிக்கு மெத்தை, மாலை ஆறு மணிக்குமேல் வண்டி கிடையாது. மணிக் குறிப்புகளை ஒரே நாளில் பிடித்துவிட்டாள். தட்டை நேராக்கிவிட்டு, குனிந்து ஒற்றைக் கண்ணால் தடம் பார்க்கிறாள். பேரன் ஒருநாளும் இதைச் செய்ததில்லை.

4.50 கலப்பு ரயில் தயார். ஏலக்காய்ப் பெட்டி கடைசியில். இரண்டு அடி அடித்தேன். பதில் இல்லை. மறுபடி இரண்டு அடி. திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது: "இருங்கள், அடுப்பில் பால் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு வந்து தருகிறேன்."

செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது. பதிவேட்டில் "4.52 – லைன் கிளியர் மறுப்பு" என்று எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் "பால்". கைகாட்டி படுத்தபடி இருக்கிறது. இப்போது மணி 5.10.